சம்பளத்துக்குக் கோடிங், ஞாயிற்றுக்கிழமைக்கு ஏரி

உயிரியல் படித்த பட்டதாரிக்குத் தென்சென்னையில் சீக்கிரம் கிடைக்கக்கூடிய வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே காப்பீட்டுப் பணம் கணக்காகும். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தாவரவியல் முடித்ததும் நானும் அதில்தான் சேர்ந்தேன். "செடி கொடி படிச்சிட்டு இது என்னம்மா வேலை?" என்று பெரியப்பா ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்டார். அவர் அக்கறையில்தான் கேட்டார். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

படித்தது, பிடித்தது, சம்பளம் தருவது மூன்றும் ஒரே வேலையில் கிடைத்துவிட வேண்டும் என்று இருபத்தொரு வயதில் எதிர்பார்க்கிறோம். அப்படிக் கிடைப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது எட்வர்டு பார்ன்ஸ் பற்றித்தான்.

1837இல் தொடங்கிய எங்கள் கல்லூரி நகரத்துக்குள் இருந்து தாம்பரத்துக்கு வந்தது 1937இல். புதர்க்காடாக இருந்த அந்த வளாகத்தில் மரம் நட்டு வளர்த்தவர்களில் முக்கியமானவர் பார்ன்ஸ். அவர் தாவரவியல் பேராசிரியர் என்று பலரும் நினைப்பார்கள். வேதியியல் பேராசிரியர் அவர். வகுப்பில் வேதியியல் நடத்திக்கொண்டே மலைகளில் செடிகளைத் தேடிச் சேகரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், சேனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடிக்கு இன்றும் அவர் பெயர்தான்: அரிசீமா பார்னெசியை. 1941இல் இறந்துவிட்டார். அவர் வேலை ஒன்று, மனம் போன இடம் வேறு. இரண்டையும் கடைசிவரை நன்றாகவே செய்தார். இதை மாணவியாக இருந்தபோது ஒரு தகவலாக மட்டும் கேட்டிருந்தேன். வேலைக்குப் போன பிறகுதான் அது எனக்குப் பெரிய ஆறுதலாயிற்று.

எனக்குச் செம்பாக்கம் ஏரி கிடைத்தது. வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். விடியற்காலையில் போனால் நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை எல்லாம் இருக்கும். முதலில் சும்மா பார்த்தேன். பிறகு எண்ணி நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எழுதத் தொடங்கியதும் கேள்விகள் வந்தன: இந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகிறது? நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தளமாக, அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலத்தின் நலம், எங்கள் தெருச் சாக்கடை எங்கே கலக்கிறது என்பதையும் பொறுத்தது. கல்லூரியில் படித்த சூழலியல் பாடம் முழுவதும் அந்தக் கரையில்தான் எனக்கு அர்த்தமாயிற்று. தெருப்பிள்ளைகள் சிலர் கூட வரத் தொடங்கினார்கள். "அக்கா, இந்த வாரம் போகலையா?" என்று அவர்கள் கதவைத் தட்டிய நாளில், 'வாழ்க்கையில் என்ன செய்யப்போகிறேன்' என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது அடங்கிவிட்டது. நமக்காக யாரோ காத்திருக்கிற ஓர் இடம் வேண்டும். யோசித்து யோசித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, போய்ப் போய்த்தான் கிடைக்கும். "ஞாயித்துக்கிழமையாவது தூங்கேன்டி" என்று சொல்லிக்கொண்டே அம்மா இப்போது ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றித் தருகிறார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வருஷத்தில் தவணையில் பைக், தவணையில் போன் எதுவும் வாங்காதீர்கள். தவணை இருந்தால் பிடிக்காத வேலையை விட முடியாது, படிக்கவும் போக முடியாது. வேலைக்குப் போய்வரக் கிண்டி வரை ரயில் சீசன் டிக்கெட் எடுத்தால் மாதச் செலவு கைக்குள் நிற்கும்.

இன்னும் வேலை கிடைக்காதவர்கள் வீட்டில் உட்கார்ந்து வெறும் விண்ணப்பம் மட்டும் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மத்திய அரசின் தொழில் பழகுநர் திட்டத்தில் பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் பதிவு செய்யலாம். உதவித்தொகையும் உண்டு, அனுபவச் சான்றும் கிடைக்கும். தென்மண்டல அலுவலகம் தரமணியில்தான் இருக்கிறது. ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். எங்கள் வகுப்பில் இந்த இனிஷியலுக்காகவே அலைந்தவர்கள் உண்டு.

ஏரிப் பக்கம் வர நினைப்பவர்களுக்குப் பொங்கல் நல்ல தருணம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். பைனாகுலர் இல்லையென்றாலும் வாருங்கள், என்னுடையதைத் தருகிறேன்.