தொட்ட பிறகுதான் லாபி

அன்புள்ள ஐயா,

காணும் பொங்கலன்று செய்யாற்றில் நடந்த சிறுவர் கபடியில் உங்கள் மகனுக்கு அவுட் கொடுத்ததையும், அன்றிரவு அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டதையும் எழுதியிருந்தீர்கள். மனசு கஷ்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் விசில் பிடிக்கிறவன். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் சொன்னபடி, பாடிப் போன உங்கள் மகன் பிடிக்க வந்தவர்களிடமிருந்து விலகி லாபிக்குள் கால் வைத்திருக்கிறான். அதற்கு முன் அவன் யாரையும் தொடவில்லை, யாரும் அவனைத் தொடவில்லை. அப்படியானால் அவன் அவுட்தான். களத்தின் இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு இருக்கும் லாபி என்ற அந்தப் பட்டை, தொடுதல் நடக்கும்வரை வெளியிடம். ஒரு விரல் பட்டாலும் போதும், அப்போதே அது களத்தோடு சேர்ந்துவிடும்.

எது முதலில் நடந்தது, தொடுதலா, கால் வைத்ததா? இதில்தான் நடுவர் திணறுவார். கால் கீழே கோட்டில் இருக்கிறது, கை மேலே அலைகிறது. இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். சுண்ணாம்புக் கோடும் பத்து ரெய்டுக்குள் மண்ணோடு கலைந்துவிடும். நீங்கள் நெய்யும் தறியில் இழை அறுந்தால் கண் பார்க்குமுன்னே உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும். எங்களுக்குக் கண்ணை விட்டால் வேறு வழியில்லை.

துரத்திக்கொண்டு லாபிக்குள் போன மூன்று பேரும் அவுட் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பழைய விதிப்படி அவர்களும் அவுட். புரோ கபடியில் வந்த புதிய விதிப்படி பாடிப் போனவன் மட்டும் அவுட், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் இதே சிக்கல்தான் வந்தது. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று நின்றபோது இந்தியாவின் பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போனார், ஈரான் வீரர்கள் பின்தொடர்ந்தார்கள். எந்த விதி என்பதில் நடுவர்களின் முடிவே மாறி மாறி வந்தது. இரு அணியும் களத்தில் உட்கார்ந்துவிட, ஆட்டம் நெடுநேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது.

அவ்வளவு பெரிய மேடையிலேயே அப்படி. நம் ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? உங்கள் மகன் ஆடிய ஆட்டத்தை நடத்திய விதத்தில் நான் குறை காண்பது ஒன்றில்தான்: எந்த விதிப்படி நடத்துகிறோம் என்று இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு முன்கூட்டியே சொல்லவில்லை. அது பெரியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

போனஸ் பற்றி: எதிரே ஆறு பேராவது நின்றால்தான் உண்டு. ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டும்போது மறு கால் தரையில் படக்கூடாது. உங்கள் மகன் போனபோது ஐந்து பேர்தான் என்கிறீர்கள், அதனால் கொடுக்கவில்லை.

வரும் ஞாயிறு காலை அவனை மைதானத்துக்கு அனுப்புங்கள். கோடு புதிதாகப் போட்டு வைக்கிறேன். விசிலை அவன் கையில் கொடுத்து நிற்க வைக்கப் போகிறேன், நான் பாடிப் போகிறேன்.

அன்புடன்,
செய்யாற்றிலிருந்து ஒரு கபடி நடுவர்