தேரடிக் கூட்டமும் தீவின் கிணறுகளும்

அன்புள்ள பெறாமகளுக்கு,

நயினாதீவில் வரும் ஆண்டு முதல் ‘தீவு விழா’ என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, அதைக் காட்டி உல்லாசப் பயணிகளை வரவழைக்கலாம் என்று நீயும் உன் கூட்டாளிகளும் எழுதியனுப்பிய திட்டத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஊருக்கு நாலு காசு வர வேண்டும், இளசுகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகாமல் இங்கேயே தொழில் செய்ய வழி வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் நீங்கள் தொடங்குகிற இடம் பிழை என்று நினைக்கிறேன். நயினாதீவுக்குக் கூட்டம் குறைவில்லை. நாலு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நிலம், சில ஆயிரம் குடிசனம். ஆனி மாதத்து நாகபூசணி அம்மன் மகோற்சவத்தில், தேரன்றும் தீர்த்தத்தன்றும், அந்தக் குடிசனத்தைப் போலப் பல மடங்கு சனம் வந்து இறங்குகிறது. அதற்கு மேலும் ஒரு விழாவைச் சேர்ப்பதால் தீவு வளராது. இருக்கிற திருவிழாவை ஒழுங்காகச் சுமக்கப் பழகி, அதில் வருகிறவர்களில் ஒரு பங்கினரை ஆண்டின் மற்ற 350 நாட்களில் சிறு கூட்டமாகத் திரும்பி வரச் செய்வதுதான் உங்கள் வேலையாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க இந்த ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் இப்போது வருகிறவர்களைப் பார். தெற்கிலிருந்து இங்குள்ள பௌத்த நாகவிகாரைக்கு வருகிறவர்கள் பஸ் பிடித்து, பெரும்பாலும் அரிசி, சட்டி, பானையோடு வருகிறார்கள். குறிகாட்டுவானில் படகேறி இருபது நிமிடத்தில் வந்து, கும்பிட்டு, சில மணித்தியாலத்தில் திரும்பிவிடுகிறார்கள். நம்முடைய அடியார்கள் அன்னதான மடத்தில் பசியாறி, பின்னேரப் படகுக்கு ஓடுகிறார்கள். இரு பகுதியினரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வந்தது கும்பிட. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பஸ்காரருக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, உண்டியலுக்கு ஒரு பங்கு போகிறது. தீவில் தங்குவது வெற்றுப் போத்தல்களும், அள்ளி முடித்த கிணறுகளும். இந்தக் கிணறு விஷயத்தை நீ உன் திட்டத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டாய், அங்கேதான் நான் உன்னை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். நம் தீவுகள் சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறும், ஏறினால் அடுத்த மாரி வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். இப்போது திருவிழா எப்போது வருகிறது என்று பார்: ஆனியில், சோளகம் வீசி நிலம் காய்கிற காலத்தில், கிணறு இறங்கிக்கொண்டே போகிற நேரத்தில். ஆண்டின் பெருங்கூட்டமும் ஆண்டின் தண்ணீர்த் தட்டுப்பாடும் கைகோத்து வருகிற தீவில், ‘இன்னும் கூடுதலான ஆட்கள்’ என்பது எப்படி ஒரு இலக்காகும்?

ஆட்களுக்கு எல்லை போடுவது நம்மவர்க்குப் புதிதும் அல்ல. கச்சதீவைப் பார். 285 ஏக்கர், குடியிருப்பில்லை, குடிதண்ணீர் இல்லை. ஆனாலும் மாசி, பங்குனிக் காலத்தில் அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கூடி, இரண்டு நாளில் கலைகிறார்கள். அது நடக்கிறதென்றால் காரணம் இதுதான்: எத்தனை பேர் வரலாம் என்று முன்கூட்டியே பேசித் தீர்மானிக்கிறார்கள், இந்தியப் பக்கத்து அடியார்கள் பெயர் பதிந்துதான் படகேறுகிறார்கள், தண்ணீரும் சாப்பாடும் வெளியிலிருந்து ஏற்றப்படுகின்றன. நயினாதீவுக்கும் அப்படியொரு வசதி இயல்பாகவே உண்டு: வருகிற எல்லோரும் இறங்குதுறையைத் தாண்டித்தான் வர முடியும். தரைவழி ஊர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. எண்ணிக்கை தெரிந்தால் படகு நேரத்தைப் பிரிக்கலாம், தண்ணீர்த் தாங்கியை முன்னரே நிரப்பலாம், காற்றுக் கடுமையான நாளில் துறையிலேயே நிறுத்தி வைக்கலாம். எல்லை போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்சின் பொராக்கே தீவு இருக்கிறது. பத்துச் சதுர கிலோமீட்டர் அளவிலான அந்தத் தீவுக்கு ஆண்டுக்கு 20 இலட்சம் பேர் வரை வந்தார்கள். கழிவுநீர் கடலில் கலந்து, 2018 ஏப்ரலில் அரசாங்கமே தீவை ஆறு மாதம் இழுத்து மூடியது. அந்த ஆறு மாதமும் வேலையிழந்து நின்றவர்கள் ஹோட்டலில் கூலிக்கு நின்ற சாதாரண சனம். அளவில்லாமல் வரவிட்டால் ஏழைக்கு வருமானம் பெருகும் என்று யாராவது உன்னிடம் சொன்னால், அந்த ஆறு மாதத்தை நினைவூட்டு.

உபசரிப்பும் ஒழுங்கும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைக்காதே. கோயில் வளவில் இருக்கிற பராக்கிரமபாகு மன்னனின் கல்வெட்டை நீ எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்பாய். 12ஆம் நூற்றாண்டில் தமிழில் பொறித்தது. பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில்தான் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும், யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும், சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி என்று அதில் சட்டம் எழுதியிருக்கிறது. வருகிறவனை வரவேற்று, எங்கே இறங்குவது, யாருக்கு எவ்வளவு என்று முன்னரே சொல்லிவிட்ட துறை அது. இன்று நீங்கள் எழுத வேண்டியதும் அதே மாதிரி ஓர் ஒழுங்குதான்.

காசுக்கு எங்கே போவது என்று நீ கேட்பாய். திருவிழா நடக்கிற முறையிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு உபயம். ஒரு குடும்பமோ, ஒரு பகுதியாரோ, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உறவினர் சேர்ந்தோ அன்றைய செலவை ஏற்கிறார்கள். பூ, மேளம், சாத்துப்படி, பிரசாதம் எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. அன்றைய குடிதண்ணீரும், அன்றைய குப்பையை அன்றிரவே அள்ளிக் கட்டி மறுகரைக்கு அனுப்புகிற படகுக்கூலியும் அதே உபயக் கணக்கில் சேரட்டும். உபயகாரர் மறுக்க மாட்டார்கள். அம்மன் சந்நிதிக்குச் செய்வதைப் போலவே வீதிக்கும் செய்வதை நம் சனம் புண்ணியமாகத்தான் எடுத்துக்கொள்ளும், தண்ணீர்ப் பந்தல் வைத்து வளர்ந்த ஊரல்லவா. அந்தப் பந்தலில் மோரைப் பிளாஸ்டிக் குவளையில் ஊற்றுவதை நிறுத்துங்கள். பனங்குருத்தை மடித்து, ஈர்க்கால் குத்திப் பிளா கோலத் தெரிந்த பெண்கள் தீவுப்பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பிளாவுக்கு இவ்வளவு என்று விலை பேசி, வைகாசியிலேயே முன்பணம் கொடுத்து அந்தப் பெண்களிடம் வாங்குங்கள். பனங்கட்டிக்குட்டான், புழுக்கொடியல், பனாட்டு ஆகியவற்றுக்கும் அப்படித்தான். வெளியூர் வியாபாரிக்கு வீதிக் கடையை ஏலம் விடுகிறபோது, தீவார் செய்த பொருளுக்கென்று முன்வரிசையில் சில கடைகளை ஒதுக்கி வைக்கலாம். இதற்கெல்லாம் புதிய விழா எதற்கு?

அடுத்தது அந்த 350 நாள். ஜப்பானில் செத்தோ உள்நாட்டுக் கடலின் சிறு தீவுகளில் 2010 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கலைத் திருவிழா நடத்துகிறார்கள். இளையவர் வெளியேறி, கிழவர் மட்டும் மிஞ்சிய தீவுகள் அவை. 2013 முதல் அதை இளவேனில், கோடை, இலையுதிர் காலம் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், கூட்டமும் பிரிந்தது. ஓகிஜிமா என்ற குட்டித் தீவில் மூடிக்கிடந்த பள்ளிக்கூடம் 2014 இல் மீண்டும் திறந்தது, பிள்ளைகளோடு சில குடும்பங்கள் குடிவந்ததால். விழாவின் பயனை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அவர்களும் எண்ணுகிறார்கள், ஆனால் என் கண்ணில் நின்றது அந்தப் பள்ளிக்கூடம்தான். நம்முடையது கோயில் திருவிழா, அங்கே நடப்பதுபோல வெளியிலிருந்து கலைஞரை அழைத்து நடத்துகிற ஏற்பாடில்லை. ஆகவே அப்படியே எடுத்தாள முடியாது. பிரித்து வைக்கிற புத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தைப்பொங்கல், நவராத்திரி, சிறு கோயில்களின் பொங்கல், மடை, மாரி முடிந்து கிணறு நிறைந்திருக்கிற தை, மாசி மாதங்கள், இவையெல்லாம் இருபது, முப்பது பேர் வந்து தங்கிப் போகக்கூடிய நாட்கள். வீட்டில் ஓர் அறை, இரவுக்கு ஒடியற்கூழ், காலையில் கல்வெட்டையும் மணிமேகலையின் மணிபல்லவக் கதையையும் சொல்லிக் கூட்டிப்போக ஒரு பிள்ளை. மணிபல்லவக் கதையில் வருகிற புத்தரின் இருக்கைக்காக இரு நாக அரசர் சண்டையிட்ட கதை மகாவம்சத்திலும் வருகிறது. தெற்கிலிருந்து வருகிறவருக்கும் நமக்கும் பொதுவாக ஒரு கதை கிடைப்பது சிறிய விஷயமல்ல. ஆனித் திருவிழாவில் இறங்குதுறையில் ஒரு மேசை போட்டு, இந்த நாட்களைச் சொல்லி, விரும்பியவரின் பெயரை எழுதி வாங்குங்கள். திருவிழா செய்ய வேண்டிய விளம்பரம் அவ்வளவுதான்.

புலம்பெயர்ந்தோரை இந்தக் கணக்கில் முதலில் வை. கரிபியன் கடலிலுள்ள மொன்செராற் தீவில் 1995 இல் எரிமலை குமுறத் தொடங்கி, தலைநகரே கைவிடப்பட்டு, மூன்றில் இரண்டு பங்குச் சனம் வெளியேறியது. அங்கே மார்ச் 17 அன்று வருகிற விழா, 1768 இல் அதே நாளில் அடிமைப்பட்டவர்கள் கிளர்ந்தெழத் திட்டமிட்டு, காட்டிக்கொடுக்கப்பட்டு, சிலர் தூக்கிலிடப்பட்டதன் நினைவு. 1985 முதல் அரச விடுமுறை. இன்று ஒரு கிழமைக்கு மேல் நீளும் அந்த விழாவுக்கு வெளிநாட்டில் வாழும் மொன்செராற்றார் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வருகிறார்கள், அவர்களோடுதான் மற்றவர்களும் வருகிறார்கள். தன் சொந்த நினைவுக்காக நடத்துகிற விழாவுக்கு வேற்றாரும் வருவார்கள் என்பதற்கு இது சான்று. நம்மிலும் வெளியேறியவர் அதிகம். பூட்டிக்கிடக்கிற அவர்களுடைய வீடுகளைத் திருத்தித் தங்குமிடமாக்கினால், வீடும் நிற்கும், வாடகையும் வரும், காணியும் கைமாறாது.

இரண்டு மறுப்புகள் வரும், இரண்டுக்கும் தயாராக இரு. சந்நிதியைச் சந்தையாக்குகிறீர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் கவலை நியாயமானது. அதற்கு நீ கொடுக்க வேண்டிய விடை செயலில் இருக்கட்டும்: கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை கோயில் வீதியில் மேடையும் ஒலிபெருக்கிக் கச்சேரியும் வேண்டாம், பூசை நேரத்தைப் பயணிக்காக மாற்றக் கூடாது, படம் எடுக்கிற இடமும் எடுக்காத இடமும் பலகையில் தெளிவாக இருக்க வேண்டும். வெளியாருக்குக் கதவைத் திறந்தால் காணியும் உரிமையும் போய்விடும் என்பது இரண்டாவது மறுப்பு. போர்க்காலத்தில் தீவுகள் பட்டதை அறிந்தவர்கள் இதைச் சொல்லும்போது வாதாடாதே, கேட்டுக்கொள். ஆனால் கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது, நாள்தோறும் படகு வருகிறது. ஒழுங்கு எழுதுகிறவர்களாக நாம் இல்லாவிட்டால், வேறு யாரோ எழுதுவார்கள். காணி விற்பதில்லை, ஹோட்டல் கட்டுவதில்லை, தங்குவது வீடுகளில் மட்டும் என்று ஊர்ச்சங்கங்களும் கோயிலாரும் பிரதேச சபையும் சேர்ந்து முதலே தீர்மானம் எடுத்தால், அந்த அச்சத்துக்கும் அதுவே காப்பு.

ஆகவே பிள்ளை, புதிய விழாவுக்கு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தை இப்போதைக்கு அனுப்பாதே. வருகிற ஆனியில் கொடியேறிய நாள் முதல் தீர்த்தம் வரை உன் கூட்டாளிகளை முறை வைத்து இறங்குதுறையில் நிறுத்து. எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை தாங்கி தண்ணீர் செலவானது, எத்தனை மூடை குப்பை சேர்ந்தது, எத்தனை பேர் ஓர் இரவாவது தங்கினார்கள் என்று எழுதி, அந்தக் கணக்கை எனக்கு அனுப்பு. அதை வைத்துக்கொண்டு கோயிலாரிடமும் பிரதேச சபையிடமும் பேச நானும் வருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா