மூலையிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய கணினிப் போர்டுகளைப் பிரிக்கும் பட்டறையில் சேர்ந்திருக்கிறாய் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க்கைக் கழற்றினால் அடியில் இருக்கும் சிப்பும் சேர்ந்து பிய்ந்து வருகிறது, ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் போர்டே முறிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். எப்படிப் பிரிப்பது என்பதைச் சொல்வதற்கு முன், எதற்காகப் பிரிக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் கை தானாகவே நிதானப்படும்.

போர்டில் செம்பு இருக்கிறது. பழைய சிப்புகளுக்குள்ளே தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் இருக்கின்றன. இவற்றை மீட்கும் பெரிய உருக்காலைகள் பெல்ஜியத்தின் ஹோபோக்கனிலும் ஸ்வீடனின் ரோன்ஷேரிலும் இருக்கின்றன. உலையில் உருகும் செம்பு, தங்கத்தையும் வெள்ளியையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பிறகு அவற்றைத் தனித்தனியே பிரித்துவிடலாம். ஹீட்சிங்க்கின் அலுமினியம் அப்படிச் சேராது. ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சைடாகிக் கசடில் போய்விடும். போவதோடு நிற்காமல் கசடைக் கெட்டியாக்கி அதன் ஓட்டத்தையும் கெடுக்கும். ஆகவே ஹீட்சிங்க்கோடு உலைக்குப் போகும் போர்டிலிருந்து அந்த அலுமினியம் உலோகமாகத் திரும்பி வருவதில்லை. அதையே தனியாக எடுத்துவிட்டால், பாக்சைட்டிலிருந்து புது அலுமினியம் எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதத்தில் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிப் ஹீட்சிங்க்கோடு ஒட்டியபடியே அலுமினியக் குவியலுக்குப் போனால் அதற்குள் இருந்த தங்கம் போனதுதான். போர்டுகளை அப்படியே இயந்திரத்தில் போட்டு அரைத்தாலும் இதே கதைதான். ஜெர்மனியில் செய்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், அரைத்துப் பிரிக்கும் ஆலைக்குள் போன தங்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மீட்கக்கூடிய குவியல்களுக்கு வந்து சேர்ந்தது. மீதி தூசியோடும் இரும்போடும் பிளாஸ்டிக்கோடும் கலந்து போயிற்று. நீ கையால் பிரிக்கும் வேலையின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அதை யாரும் சில்லறை வேலை என்று சொன்னால் நம்பாதே.

இப்போது ஹீட்சிங்க்கைப் பிடித்திருக்கும் பசைக்கு வருவோம். முதலில் போர்டைத் திருப்பிப் பார். ஒட்டியிருக்கிறது என்று நீ நினைப்பதில் பாதி, பின்பக்கம் விரியும் பிளாஸ்டிக் ஊசியாலோ வளைந்த கம்பிக் கிளிப்பாலோ பிடிபட்டிருக்கும். ஊசியின் விரிந்த முனையைக் குறடால் அழுத்தினால் போதும். கிளிப்பை எடுத்த பிறகும் ஹீட்சிங்க் அசையவில்லை என்றால் நடுவில் இருப்பது என்னவென்று கண்டுபிடி. காய்ந்துபோன வெள்ளைப் பேஸ்ட் என்றால் அது பசையே அல்ல. இரண்டு பக்கமும் மெல்லத் திருகினால் விட்டுவிடும். சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி இருந்தால் அது சூட்டில் இளகும் வகை. சுமார் 60 டிகிரிக்குள் இளகிவிடும். சித்திரை வெயிலில் தகரத்தின் மேல் வைத்த போர்டுக்கே அந்தச் சூடு வந்துவிடும், தனியாக எதுவும் தேவையில்லை. ரப்பர் போல நசுங்கும் மெல்லிய பட்டை தெரிந்தால் அது இருபக்கம் ஒட்டும் டேப். அதற்குத் தூண்டில் நரம்புதான் நல்ல ஆயுதம். ஹீட்சிங்க்குக்கும் சிப்புக்கும் நடுவே நரம்பை நுழைத்து, இரு கையாலும் ரம்பம் அறுப்பதுபோல் இழு.

உன்னைப் படுத்துவது இவை எதுவுமில்லை, எபாக்சிதான். ஓரத்தில் கல் போல இறுகிய கசிவு தெரியும், நகத்தால் கீறினால் தடமே விழாது. இதை நேராக மேலே இழுப்பதோ நடுவில் நெம்புவதோ வீண். பரப்பு முழுவதும் சேர்ந்து தாங்கும்போது எபாக்சிக்கு அபார வலிமை. ஒரே ஓரத்தில் விசை குவிந்தால் அதே எபாக்சி பிளந்துகொள்ளும். நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய லேபிளை நடுவில் பிடித்து இழுத்தால் வருவதில்லை, மூலையைக் கிள்ளினால் வருகிறது, அதுதான் இங்கும். ஆகவே பட்டி பூசும் மெல்லிய தகட்டை மூலையில், சிப்பின் மேற்பரப்போடு படுத்த வாக்கில் வைத்து, சிறிய சுத்தியலால் லேசாகத் தட்டு. தகட்டைச் சாய்த்தால் போர்டைத்தான் குத்துவாய்.

அதற்கு முன் ஒரு வேலை செய்தால் தட்டுவது பாதியாகக் குறையும். போர்டை ஈரம் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் சில மணி நேரம் வை. குளிரில் அலுமினியம், ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு சுருங்கும். சிப்பின் கருப்பு உறை பொதுவாக அதில் பாதியளவே சுருங்கும். நாற்பது மில்லிமீட்டர் அகல ஹீட்சிங்க்கை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்குக் கொண்டுபோனால் இரண்டுக்கும் இடையே மில்லிமீட்டரில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு அளவு வித்தியாசம் வருகிறது. பார்வைக்குத் தெரியாது. ஆனால் குளிரில் நெகிழ்வை இழந்த எபாக்சிக்கு அந்த இழுப்பு பெரிது. வெளியே எடுத்தவுடன், குளிர் விட்டுப்போவதற்குள், மூலையில் தட்டு. சிப்போடு பிய்ந்து வந்தவற்றையும் இதே முறையில் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். அந்த ஃப்ரீசரில் சாப்பாட்டுப் பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் சமரசமே கிடையாது. போர்டில் ஈயம் இருக்கிறது.

குளிர் பலிக்காத எபாக்சி சூட்டில் இளகும். ஹாட் ஏர் கன்னை ஹீட்சிங்க்கின் தகடுகள் மேல் காட்டு. அலுமினியமே சூட்டைப் பசைக்கு எடுத்துச் செல்லும். 120, 130 டிகிரியில் பெரும்பாலானவை பலவீனப்படும், அப்போது தகடுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் குறடால் பிடித்துத் திருகு. ஈயப் பற்று உருக 183 டிகிரி வேண்டும் என்பதால் சிப் தன் இடத்திலேயே நிற்கும். ஜன்னல் ஓரத்தில், காற்று உன் முகத்திலிருந்து விலகிப் போகும்படி வைத்துச் செய். தீச்சுவாலையைக் கொண்டு மட்டும் போகாதே. போர்டில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள் எரியும்போது டையாக்சின் வகை நஞ்சுகளை உண்டாக்கும். சீக்கிரம் முடியும் என்று யாராவது டார்ச்சை நீட்டினால், நீ சின்னவனாக இருந்தாலும் மறுத்துவிடு.

பவர் சப்ளைப் பெட்டியில் பசைத் தொல்லை குறைவு, ஆபத்து அதிகம். அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சுமார் 320 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். சில ஹீட்சிங்க்குகள் அந்த மின்னழுத்தத்தோடேயே இணைந்திருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து, மின்தடை வழியாக வடித்து, மறுபடி மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கை வை. பழைய டிரான்ஸ்மிட்டர்களில் வரும் பெரிய டிரான்சிஸ்டர்களின் அடியில் வெள்ளைப் பீங்கான் தெரிந்தால் அதை உடைக்காதே, தேய்க்காதே. அது பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலைத் தீராமல் கெடுக்கும். முழுதாக ஒரு டப்பாவில் போட்டு மூடி, என்னவென்று எழுதி வை.

கழற்றிய பின் தரம் பிரிப்பதில் கொஞ்சம் நேரம் செலவிடு. இரும்புக் கிளிப்பும் ஸ்க்ரூவும் சேர்ந்திருந்தால் அலுமினியத்துக்கு விலை குறைப்பார்கள், காந்தம் வைத்து எடுத்துவிடு. வெள்ளையாக இருப்பதெல்லாம் அலுமினியம் இல்லை. நிக்கல் பூசிய செம்பும் அப்படித்தான் இருக்கும். கையில் தூக்கினாலே தெரிந்துவிடும், ஒரே அளவில் செம்பு மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். சந்தேகம் வந்தால் அடியில் அரத்தால் ஒரு இழுப்பு இழு, சிவப்பு தெரியும். செம்புக் குழாய் ஓடும் கூலர்களைச் சூடாக்காதே. அந்தக் குழாய் அடைத்து மூடியது, உள்ளே கொஞ்சம் நீர் இருக்கும், வெடிக்கும்.

பிரித்த போர்டுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே கொடுக்கச் சொல் உன் முதலாளியிடம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளும் அதைத்தான் கேட்கின்றன. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, பட்டறைச் சட்டையோடு வீட்டுக்குள் போகாதே, தங்கச்சியின் பிள்ளை தவழ்ந்து விளையாடும் தரை அது.

ஃப்ரீசரில் வைத்துப் பார்த்துவிட்டு எந்தச் சிப்புகள் இன்னும் அடம்பிடிக்கின்றன என்று எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்