கணுக்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையும் மூட்டின் நேர்நிலையும்

முழங்கால், இடுப்பு ஆகியவற்றின் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைகளைப் பற்றி இன்று பெரும்பாலோர் அறிந்துள்ளனர். கணுக்காலுக்கும் அத்தகைய சிகிச்சை உண்டு என்பது பலருக்குப் புதிய செய்தி. அச்சிகிச்சை பெற்றவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: "வலிதான் நீங்கிவிட்டதே, இன்னும் எதற்காக எக்ஸ்-ரே எடுக்க வரச் சொல்கிறீர்கள்?" இதற்கான விடை மூட்டின் நேர்நிலையில் அடங்கியுள்ளது.

கணுக்கால் ஏன் தேய்கிறது?

கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் இருபுறமும் அணைத்து நிற்க, நடுவே டாலஸ் என்னும் பாத எலும்பு பொருந்தி அசைவதே கணுக்கால் மூட்டு. முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்கால் தேய்மானமோ பெரும்பாலும் பழைய எலும்பு முறிவு அல்லது மீண்டும் மீண்டும் ஏற்பட்ட சுளுக்கின் பின்விளைவு. ஆகையால் சிகிச்சைக்கு வரும்போதே பலருடைய மூட்டு உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ சாய்ந்திருக்கும்.

நேர்நிலை என்றால் என்ன?

செயற்கை மூட்டில் மேலும் கீழும் இரண்டு உலோகப் பகுதிகளும், அவற்றிடையே பாலிஎத்திலீன் என்னும் வழவழப்பான நெகிழித் தட்டும் உள்ளன. கீழ்க்கால் எலும்புக்குச் செங்குத்தாக மேற்பகுதியும், அதன் நடுவில் டாலஸ் எலும்பும், அதற்குக் கீழே குதிகாலும் ஒழுங்காக அமைந்திருப்பதையே நேர்நிலை என்கிறோம்.

நடக்கும்போது கணுக்கால் மூட்டு உடல் எடையைப் போல் பல மடங்கு சுமையைத் தாங்குகிறது. மூட்டு நேராக இருந்தால் அச்சுமை தட்டு முழுவதும் பரவும். சாய்ந்திருந்தால் ஓர் ஓரத்திலேயே குவியும். அவ்வோரம் விரைவில் தேயும். உலோகப் பகுதி எலும்பிலிருந்து தளரவும் கூடும். இயற்கையான மூட்டிலும் இந்நிலையே. டாலஸ் எலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்புறம் நகர்ந்தாலே, மூட்டின் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் அளவு ஏறத்தாழ 42 விழுக்காடு குறைவதாக 1976-இல் வெளியான ராம்சே, ஹாமில்டன் ஆகியோரின் ஆய்வு காட்டியது.

நாங்கள் செய்வது என்ன?

அறுவைக்கு முன் நோயாளியை நிற்கவைத்து எக்ஸ்-ரே எடுக்கிறோம். படுத்த நிலையில் மறைந்திருக்கும் சாய்வு, எடை தாங்கும்போதுதான் வெளிப்படும். சாய்வு மிகுந்திருந்தால் மூட்டை மாற்றுவது மட்டும் போதாது. இறுகிய தசைநார்களைத் தளர்த்துதல், தளர்ந்தவற்றை வலுப்படுத்துதல், குதிகால் எலும்பை வெட்டி நேராக்குதல், குதிகால் நரம்பு என வழக்கில் சொல்லப்படும் தசைநாணை நீட்டுதல் ஆகியவையும் தேவைப்படலாம். சிலருக்கு இவற்றை முதலில் செய்து, மூட்டை மாற்றும் அறுவையைப் பின்னர் மேற்கொள்வதும் உண்டு. நேராக்க இயலாத சாய்வு உள்ளவர்களுக்கும், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி பெரிதும் குன்றியவர்களுக்கும் மூட்டை அசையாமல் இணைத்துவிடும் அறுவையே பொருத்தமாக இருக்கலாம்.

வலி இல்லாவிடினும் ஏன் வரவேண்டும்?

தட்டின் தேய்மானமும் தொடக்க நிலைத் தளர்வும் பல நேரங்களில் வலி தருவதில்லை. நின்ற நிலையில் எடுக்கும் படங்களை முந்தைய படங்களோடு ஒப்பிட்டே அவற்றை அறிகிறோம். உரிய காலத்தில் கண்டறிந்தால் தட்டை மட்டும் மாற்றியோ குதிகாலைச் சீர்செய்தோ மூட்டைக் காக்க வாய்ப்புண்டு. காலம் கடந்தால் எலும்பே கரைந்து, மறு அறுவை கடினமாகிவிடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• மருத்துவர் கூறும் வரை அறுவை செய்த காலை ஊன்றக் கூடாது. எத்தனை வாரம் என்பது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். பிறரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

• நோயாளி நடக்கும்போது குடும்பத்தினர் பின்னால் நின்று இரு குதிகால்களையும் பாருங்கள். ஒன்று மட்டும் சாய்வதாகத் தோன்றினால் எங்களிடம் தெரிவியுங்கள்.

• இரு செருப்புகளின் அடிப்பகுதியையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் ஓர் ஓரத்தில் மிகுதியாகத் தேய்ந்திருப்பது ஓர் அறிகுறி.

• புதிய மூட்டு வலியைக் குறைக்கும். ஆயினும் மடங்கும் அளவைப் பெரிதும் கூட்டாது. ஆதலால் குந்தி அமர முயல வேண்டாம். மேற்கத்திய வகைக் கழிப்பறையும் நாற்காலியும் நல்லவை.

• ஓட்டம், குதித்தல் ஆகியவற்றைத் தவிருங்கள். உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்கள். புகைப்பழக்கம் புண் ஆறுவதைத் தடுக்கும். அதை அறவே விடுங்கள்.

• புண்ணில் கசிவு, காய்ச்சல், கெண்டைக்காலில் வீக்கத்துடன் வலி, புதிதாகத் தோன்றும் வலி ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் அடுத்த முன்பதிவு நாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவை நாடுங்கள்.

அறுவைக் கூடத்தில் நேராக அமைத்த மூட்டு, நேராகவே நீடிப்பதற்கு நோயாளி, குடும்பத்தினர், மருத்துவர் ஆகிய மூவரின் கவனமும் வேண்டும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது பழைய எக்ஸ்-ரே படங்களையும் நாள்தோறும் அணியும் செருப்பையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.