காலிப் பாக்கெட் கற்றுத் தந்த விற்பனை

வியாசர்பாடியில் மொத்த மளிகை நடத்தும் நம்மிடம், "பையனுக்கு விற்பனை கற்றுக் கொடுங்கள்" என்று வருவோர் உண்டு. நிறுப்பதும் கணக்கும் ஒரு மாதத்தில் படிந்துவிடும். வந்தவர் ஏன் வாங்காமல் போனார் என்று கவனிக்கும் கண்தான் லேசில் வருவதில்லை.

கடலூர் சி.கே. ரங்கநாதனைப் பாருங்கள். 1983இல் 15,000 ரூபாய் முதலில் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்றார். கிராமங்களில் பள்ளிப் பையன் தலையில் ஷாம்பு போட்டு அலசி, கூடியிருந்தவர்களைத் தொட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். பிறகு, எந்தக் கம்பெனிக் காலிப் பாக்கெட் ஐந்து தந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். முதலில் அடுத்தவர் வாடிக்கையை இழுத்தார், பின்பு அதைத் தன்னிடம் நிறுத்தினார். சாமர்த்தியம் அந்த மாற்றத்தில்தான்!

நாமோ, கமிஷன் அதிகம் என்று ஒரு புதுச் சோப்புத் தூளில் இருபது பெட்டி இறக்கினோம். அத்தனையும் கிலோ பாக்கெட். நம் பக்கம் பலர் அன்றாடக் கூலியில் அன்றைக்கு வேண்டியதை வாங்குபவர்கள். "சின்ன பாக்கெட் கேக்குறாங்க முதலாளி" என்றான் கடைப் பையன். "பேசாமல் நிறுடா" என்றோம். பதினான்கு பெட்டி கட்டிதட்டிப் போயிற்று. கம்பெனி திரும்ப எடுக்கவில்லை.

இப்போது அவனிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கேட்டு இல்லையென்று அனுப்பிய சரக்கையெல்லாம் எழுதுகிறான். இரவில் கல்லாவை எண்ணுமுன் அதைத்தான் பார்க்கிறோம்.