புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸா, வீடியோவா?

கேள்வி: கூமாப்பட்டியில் சின்னதாக ஒரு வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோவில் திருவிழா எல்லாம் செய்வோம். 2025-இல் எங்கள் ஊர் பேர் ரீல்ஸில் அடிபட்ட பிறகு, பிளவக்கல் அணைப் பக்கம் படம் பிடிக்க வருகிறவர்களின் எடிட்டிங் வேலையும் கிடைக்கிறது. கடையில் இருப்பது ஒரு டெஸ்க்டாப். அதில் 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 10. சி டிரைவ் எப்போதும் சிவப்புதான். ராஜபாளையத்தில் 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டேன், இன்னும் மாட்டவில்லை. கடைக்காரர், “புதுசில் விண்டோஸ், பழசில் புரோகிராம் போட்டுக்கோ, லோடு பிரிஞ்சிடும்” என்கிறார். நண்பரோ, “ரெண்டையும் சேர்த்து ஒரே டிரைவா ஆக்கிடு” என்கிறார். எதைக் கேட்பது? அப்படியே விண்டோஸ் 11-க்கும் மாறணும்.

— ஒரு வாசகர், கூமாப்பட்டி

பதில்: இரண்டுமே வேண்டாம். விண்டோஸும் புரோகிராம்களும் சேர்ந்தே பழைய 256 ஜி.பி.யில் இருக்கட்டும். புது 1 டி.பி.யை முழுசாக வீடியோ வேலைக்கு விடுங்கள். வேகமான டிரைவில்தானே விண்டோஸ் இருக்க வேண்டும் என்பீர்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாற்றினால் விண்டோஸ் சில நொடிகள் முந்தித் திறக்கும், அவ்வளவே. உங்கள் கடையில் நாள் முழுக்க டிரைவை வேலை வாங்குவது ஃபுட்டேஜும் கேஷும்தான்.

கடைக்காரர் சொன்ன பிரிவினையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடோபி பிரீமியரை சி அல்லாத வேறு டிரைவில் (டி என்று வைத்துக்கொள்வோம்) இன்ஸ்டால் செய்தாலும் அது முழுசாக அங்கே போய் உட்காராது. ரெஜிஸ்ட்ரி பதிவுகள், லைசென்ஸ் விவரம், புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டா எல்லாம் சி-யிலேயே தங்கும். நாளைக்கே விண்டோஸ் கெட்டு மறுபடி போட நேர்ந்தால், டி-யில் ஃபோல்டர் பத்திரமாக இருக்கும், புரோகிராம்தான் திறக்காது. எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரையே ரெஜிஸ்ட்ரியில் திருத்தி வேறு டிரைவுக்கு மாற்றச் சொல்லும் வீடியோக்களும் உலவுகின்றன. மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை. கை வைக்காதீர்கள்.

256 ஜி.பி. போதுமா? கணினி அதை 238 என்று காட்டும். விண்டோஸ் 11, பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஆல்பத்துக்கு ஃபோட்டோஷாப் என எல்லாம் போட்டாலும் பெரும்பாலும் பாதிதான் நிறையும். அப்படியானால் சி ஏன் சிவக்கிறது? நீங்களே பாருங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரில் மறைந்துள்ள ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லிவிட்டு, யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, காமன் என்று உள்ளே போங்கள். மீடியா கேஷ் ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் சி.எஃப்.ஏ., பி.இ.கே. என்று முடியும் கோப்புகள் குவிந்து கிடக்கும். நீங்கள் புராஜெக்டில் சேர்க்கும் கிளிப்களின் ஆடியோவை பிரீமியர் தன் வசதிக்காகப் பிரித்து எழுதி வைப்பது அது. கல்யாணம் முடிந்து, ஆல்பம் கொடுத்து, அந்த வீட்டில் வளைகாப்பும் முடிந்திருக்கும். கேஷ் மட்டும் அங்கேயே இருக்கும்.

இந்தக் கேஷைப் புது டிரைவுக்கு (நம் ஏற்பாட்டில் அதுதான் டி) மாற்றுவது எளிது. பிரீமியரில் எடிட், பிரிஃபரன்சஸ், மீடியா கேஷ் என்று போனால் இடத்தை மாற்றலாம். பழைய கேஷைத் தானாக அழிக்கும் வசதியையும் அங்கேயே ஆன் செய்யலாம். டாவின்சி ரிசால்வ் என்றால் பிரிஃபரன்சஸில் மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் புது டிரைவை முதல் வரியில் வையுங்கள். டவுன்லோட்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் பக்கத்தில் மாற்றலாம். அங்கே நேராக டி டிரைவையே காட்டிவிடாதீர்கள். டி-க்குள் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்டுங்கள்; இல்லாவிட்டால் டிரைவ் முழுசையும் விண்டோஸ் டவுன்லோட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும், திரும்ப மாற்றுவது பெரும்பாடு.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. 4கே வீடியோ 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் நொடிக்கு 12.5 எம்.பி., மணிக்கு 45 ஜி.பி. மூன்று கேமரா ஃபுட்டேஜை ஒன்றாக ஓட்டினாலும் நொடிக்கு 40 எம்.பி.யைத் தாண்டாது. சாட்டாவே 500-க்கு மேல் தரும். ஆகவே பிளேபேக் திக்கினால் பழியை எஸ்.எஸ்.டி. மேல் போடாதீர்கள், பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் பக்கம் பாருங்கள், பிராக்ஸி போட்டு எடிட் செய்யுங்கள். என்.வி.எம்.இ.யால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இடம்தான். பெட்டியில் போட்டிருக்கும் எழுதும் வேகமும் முதல் கொஞ்ச நேரத்துக்குத்தான். மலிவான கியூ.எல்.சி. வகையாக இருந்தால், ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஜி.பி. காப்பி செய்யும்போது உள்ளே இருக்கும் வேகமான பகுதி நிரம்பி, பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்கு வேகம் சரியும். சித்திரை, வைகாசி வெயிலின் சூட்டிலும் வேகம் குறையும். மதர்போர்டோடு ஹீட்சிங்க் தகடு வந்திருந்தால் மாட்டிவிடுங்கள்.

புது எஸ்.எஸ்.டி.யை இன்னும் மாட்டாதது நல்லதாகப் போயிற்று. முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழசின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். அது எச்சரிக்கை காட்டினால் நான் சொன்னதைத் திருப்பிப் போட்டு, விண்டோஸையும் புரோகிராம்களையும் புதுசுக்கே கொண்டுபோங்கள். நன்றாக இருந்தால் வேண்டியதை வெளியே காப்பி எடுத்துவிட்டு, பழசில் மட்டும் விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதனால் தள்ளிப் போட வேண்டாம். பிராசஸரும் டி.பி.எம். 2.0-வும் ஒத்துவருமா என்று மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக்கில் முன்பே பார்த்துவிடுங்கள். புதுசை முதலிலேயே மாட்டக்கூடாததற்குக் காரணம் உண்டு: இரண்டு டிரைவும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் போட்டால், பூட் ஆகத் தேவையான சின்னப் பகுதியை அது சில சமயம் மற்ற டிரைவில் கொண்டுபோய் எழுதிவிடும். பிறகு அந்த டிரைவைக் கழற்றினால் கணினி எழாது. விண்டோஸ் ஏறி முடிந்த பின்பு எம்.2 ஸ்லாட்டில் புதுசை மாட்டுங்கள். மாட்டியதும் பழைய டிரைவ் காணாமல் போனால் பதற வேண்டாம். சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிப் பாருங்கள்.

நண்பர் சொன்னபடி இரண்டையும் ஒன்றாக்கினால் அது இரட்டை மாட்டு வண்டி. ஒன்று படுத்தால் வண்டியே நின்றுவிடும். எந்த எஸ்.எஸ்.டி. போனாலும் இரண்டிலும் இருப்பது போய்விடும். உங்கள் கையில் இருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம், மறுபடி எடுக்க முடியாது. தனித்தனியாக வைத்தாலும் டி-யில் ஒரே பிரதிதான் இருக்கிறது. கேமரா கார்டை அழிக்கும் முன் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். டெலிவரி முடிந்த வேலைகளும் ஹார்டு டிஸ்க்குக்கே போகட்டும். மின்சாரமே இல்லாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் வைக்க எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 11-இன் 24எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிரைவ்கள் தானாகப் பூட்டப்படும் (என்கிரிப்ட் ஆகும்). அதைத் திறக்கும் சாவி 48 இலக்க எண்; அது அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். விண்டோஸ் போட்டுத் தருகிறவர் அவசரத்துக்குத் தன் மெயில் ஐ.டி.யில் நுழைந்து வேலையை முடிப்பதுண்டு; அப்போது சாவியும் அவர் கணக்குக்கே போய்விடும். உங்கள் ஐ.டி.யில் நுழையச் சொல்லுங்கள். அந்த எண்ணை ஆர்டர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.