எரின் பிலிப்ஸ்: 13 வயதில் நின்ற ஆட்டம்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் சம்பளம் வாங்கி ஆடிய முதல் தலைமுறைப் பெண்களில் பலர் வேறு விளையாட்டுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் அதிகம் சாதித்தவர்களில் ஒருவர் எரின் பிலிப்ஸ். தந்தை கிரெக் பிலிப்ஸ், போர்ட் அடிலெய்டு அணிக்காக 8 பட்டங்கள் வென்ற ஆட்டக்காரர். 1985இல் பிறந்த எரின், சிறுவயதில் பையன்களின் அணியில் ஆடினார். 13 வயதுக்கு மேல் அங்கே ஆட அனுமதி இல்லை. பெண்களுக்கென்று வழியும் இல்லை. அதனால் கூடைப்பந்துக்கு மாறினார்.

அங்கே அவர் இரண்டாம் நிலை ஆட்டக்காரராக இருந்துவிடவில்லை. 2006இல் உலகக் கோப்பை வென்ற ஆஸ்திரேலிய அணியிலும், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியிலும் இடம்பெற்றார். அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ லீக்கில் 2012இல் இந்தியானா அணியோடும் 2014இல் ஃபீனிக்ஸ் அணியோடும் பட்டம் வென்றார்.

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக்கான ஏஎஃப்எல் மகளிர் லீக் 2017 பிப்ரவரியில் 8 அணிகளோடு தொடங்கியபோது எரினுக்கு வயது 31. அடிலெய்டு அணியில் சேர்ந்தார். நீள்வட்ட மைதானத்தில், மகளிர் லீக்கில் அணிக்கு 16 பேராக ஆடும் இந்த ஆட்டத்தில் பந்தும் நீள்வட்டம்தான். அதை எறியக் கூடாது; ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தித்தான் அடுத்தவருக்குத் தர வேண்டும். உதைக்கும்போது பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, சாயாமல் நழுவவிட்டு, அதன் கீழ்முனையில் கால் பட உதைப்பார்கள். அப்போதுதான் அது பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும். கை விடும் நேரம் சற்றே பிசகினாலும் பந்து திசைமாறிவிடும். வயது ஏறிய பின் புதிதாகப் பழகுவோருக்கு மிகக் கடினமான பாடம் இதுவே. எரினுக்கு அது சிறுவயதிலேயே காலில் படிந்திருந்தது. நெரிசலில் உடம்பைக் கேடயமாக்குவதையும், பந்து விழப்போகும் இடத்தை முன்னறிவதையும் கூடைப்பந்து பழக்கியிருந்தது. அந்த முதல் சீசனின் இறுதியாட்டத்தில் அடிலெய்டு, பிரிஸ்பேனை 35–29 என்று வென்றது. எரின் அந்த ஆட்டத்தின் நாயகி; லீக்கின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே.

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 2017 சீசனுக்கு நட்சத்திர வீராங்கனைகளின் சம்பளம் 27,000 ஆஸ்திரேலிய டாலர்; கீழ்நிலையில் 8,500. அந்த சீசனும் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. எனவே எல்லாருக்கும் இன்னொரு பிழைப்பு தேவைப்பட்டது. மெல்பர்ன் கேப்டன் டெய்சி பியர்ஸ் மருத்துவச்சியாக வேலை பார்த்தவர். எரின், அமெரிக்காவில் டல்லஸ் கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளரானார். 2022இல் லீக் 18 அணிகளாக விரிந்தபோது சம்பளம் 39,184 முதல் 71,935 டாலர் வரை உயர்ந்தது. அதற்குள் எரினுக்கு 37 வயது.

இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து முழங்கால் ஜவ்வு கிழிவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் நேர்கிறது. யாரும் மோதாமலே, ஓடும்போது சட்டென்று திரும்புவதிலோ, தாவி ஒற்றைக் காலில் இறங்குவதிலோ கிழிந்துவிடலாம். இறங்குதல், திரும்புதல் ஆகியவற்றை முறையாகப் பழகுவதும் தொடைத் தசைகளை வலுவாக்குவதும் ஆபத்தைக் குறைக்கும். இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டுப் பிரிந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி தாமதமாகத்தான் கிடைத்தது.

2019 மார்ச் 31 அன்று அடிலெய்டு ஓவலில் நடந்த இறுதியாட்டத்தைக் காண 53,034 பேர் திரண்டிருந்தார்கள். கார்ல்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் எரினின் இடது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அவரை வெளியே கொண்டுபோனபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அடிலெய்டு 63–18 என்று வென்றது. முக்கால் ஆட்டத்தைக்கூட முடிக்காத எரினுக்கே ஆட்ட நாயகி பதக்கம் கிடைத்தது. அந்த ஆண்டும் லீக்கின் சிறந்த வீராங்கனை அவரே. அடுத்த ஆண்டே களத்துக்குத் திரும்பினார். 2022 ஏப்ரலில் மூன்றாவது பட்டமும் வென்றார்.

அதே ஆண்டு மகளிர் லீக்கில் போர்ட் அடிலெய்டு அணி நுழைந்தது. எரின் அதன் முதல் கேப்டனானார். தந்தை ஆடிய கழகத்தில் மகளுக்கும் இடம் கிடைக்க அத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தன. 2023இல் 38 வயதில் ஓய்வு பெற்றார். கால்பந்தில் அவருக்குக் கிடைத்தது 7 ஆண்டுகள். 13 வயதில் நின்றதற்கும் 31 வயதில் தொடங்கியதற்கும் இடையே போனது 18 ஆண்டுகள்.